பரண்ல கிடந்த கன்னுக்குட்டி எக்ஸ்ரே

2019 டிசம்பர் 26ஆம் தேதி கங்கண சூரிய கிரகணம் எங்க பக்கம் நல்லாத் தெரிஞ்சதுங்க. பசங்களுக்கு அன்னிக்குக் கொண்டாட்டம். தம்பி பையன் பரண் மேல ஏறி, தூசியும் பல்லி முட்டையுமா இருந்த ஒரு பழுப்புக் கவரை எடுத்துட்டு வந்தான். உள்ள ஒரு எக்ஸ்ரே பிலிம். அதை வச்சுச் சூரியனைப் பார்க்கப் போறானாம். ஓடிப் போய்ப் புடுங்குனேன். எக்ஸ்ரே பிலிம் வழியா கிரகணம் பார்க்கிறது நம்ம ஊர்ல பழைய பழக்கம்தான், ஆனா கண்ணு கெட்டுரும்னு டாக்டருங்க தலைதலையா அடிச்சுக்கிறாங்க.

"பெரியப்பா, இது யாரோட கை?" அப்படின்னு கேட்டான்.

கையில்லை. ஒரு கன்னுக்குட்டியோட முன்னங்கால். முட்டிக்குக் கீழே இருக்கிற ஒத்தை எலும்பு, நடுவுல முறிஞ்சு, ஒரு முனை தோலைத் தாண்டி வெளிய நிக்குது. 1993 ஆவணி மாசம் எடுத்த படம்.

அன்னிக்கே இதை எழுதணும்னு நினைச்சேன். காடு, கரை, கறவைன்னு வருஷம் ஓடிருச்சு. இதுக்கு நடுவுல மாட்டு ஆஸ்பத்திரியில பிலிம்னு ஒண்ணு இருந்ததே இப்ப வர்ற புள்ளைங்களுக்குத் தெரியாமப் போச்சு. போன மாசம் படிப்பு முடிச்சு வந்த ஒரு இளம் டாக்டரம்மாகிட்ட இந்த பிலிமைக் காட்டுனேன். அவங்க ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, நான் தாத்தா காலத்து ஓலைச்சுவடியைப் பார்த்த மாதிரி பார்த்தாங்க.

முதல்ல அந்தக் கன்னுக்குட்டி கதையைச் சொல்லிர்றேன்.

அப்ப எங்க கட்டுத்தரையில இருந்தது ஒரு சின்ன உருவ நாட்டு மாடு. பால் கூடும்னு ஜெர்சி ஊசி போட்டோம். கன்னு வயித்துலயே பெருசா வளர்ந்திருச்சு. ஈனுற அன்னிக்கு ராத்திரி முன்னங்கால் ரெண்டும் வெளிய தெரியுது, தலை வரமாட்டேங்குது. டாக்டரைக் கூப்பிடணும்னா பதினாலு கிலோமீட்டர் மொபெட்ல போகணும். நாங்க மூணு பேரு கயித்தைக் கட்டி இழுத்தோம். இழுத்ததுல நானும் ஒருத்தன். கன்னு உசுரோட வந்துச்சு, ஆனா காலைக்குப் பார்த்தா வலது முன்னங்கால் வீங்கித் தொங்குது. இப்படி இழுக்கிறப்ப கயிறு கட்டின இடத்துக்குப் பக்கத்துல எலும்பு முறியறது கன்னுகளுக்கு அடிக்கடி நடக்கிறதுன்னும், சீக்கிரம் சரியாக் கட்டு போட்டா நல்லாக் கூடிடும்னும் பின்னாடிதான் தெரிஞ்சுது.

மட்டடோர் வேன் புடிச்சு ஒரு பெரிய மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊர் பேர் வேண்டாம். வெள்ளிக்கிழமை. கன்னைப் படுக்க வச்சு நான் கால்ல புடிச்சுக்கிட்டேன், ஒரு படம் எடுத்தாங்க. அதை இருட்டறைக்குள்ள கொண்டு போய்க் கழுவி வெளிய எடுத்தா, முழுசும் தார் மாதிரிக் கறுப்பு. கதிர் அதிகமாயிருச்சாம். ரெண்டாவது எடுத்தாங்க, அந்த நொடி பார்த்துக் கன்னு உதைச்சுது. ஒரு எலும்பு ரெண்டு நிழலாத் தெரிஞ்சுது. மூணாவதுக்குள்ள கரண்டு போயிருச்சு. மெஷினும் ஓடாது, இருட்டறையில தண்ணி ஏத்துற மோட்டாரும் ஓடாது. மூங்கில் பத்தை வச்சுத் துணி சுத்திவிட்டு, திங்கக்கிழமை வாங்கன்னாங்க.

சனிக்கிழமை ராத்திரி கன்னு எந்திரிக்கப் பார்த்திருக்கு. எலும்பு தோலைக் குத்திக்கிட்டு வெளிய வந்திருச்சு. திங்கக்கிழமை எடுத்ததுதான் இந்தப் படம். அருமையான படம், ஒரு குறை சொல்ல முடியாது. எட்டாம் நாள் புழு வச்சுக் கன்னு செத்துப் போச்சு.

அந்த டாக்டர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாதுங்க. நல்ல மனுசன், வேர்த்து ஒழுக ஒழுக வேலை பார்த்தாரு. ஆனா அந்த மூணு நாள் எங்க போச்சுன்னு ரொம்ப காலம் யோசிச்சிருக்கேன். அதைத் தேடிப் படிச்சதுலயும், மாட்டோட போன இடத்துலயெல்லாம் டாக்டருங்களைக் கேட்டுத் தொணதொணத்ததுலயும் கிடைச்சதுதான் இனி வர்றது.

எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895 நவம்பர் 8ஆம் தேதி, ஜெர்மனியில வூர்ஸ்பர்க் நகரத்துல, ராண்ட்கன். அந்த வருஷக் கடைசியில அவர் சம்சாரத்தோட கையைப் படம் எடுத்தாரு, மோதிரத்தோட. இது பள்ளிக்கூடப் பாடத்துல இருக்கு. பாடத்துல இல்லாதது என்னன்னா, அடுத்த வருஷமே, 1896லயே, இங்கிலாந்துலயும் ஜெர்மனியிலயும் கால்நடை மருத்துவருங்க குதிரைக் குளம்பைப் படம் எடுத்துட்டாங்க. ஏன் குதிரை? அன்னிக்கு வண்டி, பட்டாளம், டிராம் எல்லாமே குதிரை. ஏன் குளம்பு? அந்தக் காலத்து மெஷினோட வெளிச்சம் அவ்வளவு பலவீனம். நிமிஷக் கணக்குல அசையாம நிக்கணும். மெல்லிசான உறுப்பு, தரையில ஊணி நிக்கிற உறுப்பு அது ஒண்ணுதான். குதிரை வயித்தைப் படம் எடுக்கிறதெல்லாம் அன்னிக்குக் கனவு.

நம்ம சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல சைதாப்பேட்டையில ஆரம்பிச்சுது. அப்புறம்தான் வேப்பேரிக்குப் போனது. அதாவது எக்ஸ்ரேயும் நம்ம மாட்டு டாக்டர் படிப்பும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

முதல்ல படம் விழுந்தது கண்ணாடித் தகட்டுல. தகட்டு மேல வெள்ளி உப்பு கலந்த பசையைத் தடவியிருப்பாங்க. கை தவறுனா உடைஞ்சிரும். மாடு உதைக்கிற இடத்துல கண்ணாடியை வச்சுக்கிட்டு என்ன செய்யறது? முதல் உலகப்போர் சமயத்துல பெல்ஜியத்துலிருந்து வந்த கண்ணாடி நின்னு போனதால, அமெரிக்காவுல கோடாக் கம்பெனி பிலிமுக்கு மாறுச்சு. 1918 வாக்குல ரெண்டு பக்கமும் பசை தடவின எக்ஸ்ரே பிலிம் வந்திருச்சு.

அந்த மொத பிலிமுக்கு ஒரு கெட்ட குணம். அது நைட்ரேட். வெடிமருந்துக்குப் பங்காளி. 1929 மே 15ஆம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில், அடித்தளத்தில் அடுக்கி வைத்திருந்த பழைய எக்ஸ்ரே பிலிம்கள் தீப்பிடித்து, அதில் கிளம்பின விஷப்புகையில் 123 பேர் செத்துப் போனார்கள். எரியாத பிலிம் அதுக்கு முன்னாடியே வந்திருந்தும், விலையைப் பார்த்துப் பழசையே ஓட்டிக்கிட்டு இருந்தவங்க அதுக்கப்புறம்தான் மாத்துனாங்க.

இனி சொல்லப்போறது விவசாயிக்கு ரொம்பப் பிடிக்கிற விஷயம். அந்த வெள்ளி உப்பைப் பிலிம் மேல ஒட்ட வைக்கிற பசை எது தெரியுங்களா? ஜெலட்டின். மாட்டு எலும்புலயும் தோல்லயும் காய்ச்சி எடுக்கிறது. ஊருக்குள்ள எலும்பு பொறுக்கிட்டுப் போவாங்களே, அந்த எலும்புக்கு இப்படியும் ஒரு போக்கிடம் உண்டு. மாட்டு எலும்பைப் படம் புடிச்ச பிலிமே மாட்டு எலும்பால செஞ்சதுதான்!

இன்னொண்ணு. ஒரே மாதிரி செஞ்சாலும் ஒரு சில ஜெலட்டின்ல செய்யற பிலிம் மட்டும் வெளிச்சத்தைச் சட்டுனு புடிக்குது, மத்தது மந்தமா இருக்குது. ஏன்னு யாருக்கும் புரியலை. கோடாக் கம்பெனியில ஷெப்பர்ட்னு ஒரு விஞ்ஞானி 1920கள்ல கண்டுபிடிச்சாரு. கடுகு எண்ணெயில இருக்கிற கந்தகச் சத்து துளியூண்டு ஜெலட்டின்ல இருந்தா பிலிம் சுறுசுறுப்பாயிடுது. மாடு மேஞ்ச கடுகுச் செடியோட சத்து, எலும்பு வழியா, தோல் வழியா, பிலிம் வரைக்கும் வந்திருக்கு. மேய்ச்சலைப் பொறுத்துத்தான் பால் ருசின்னு எங்க அப்புச்சி சொல்லுவாரு. அவருக்கு இது தெரிஞ்சிருந்தா ஒரு வாரம் அதையே பேசிக்கிட்டு இருந்திருப்பாரு.

பிலிம்னா நம்ம தமிழ்நாட்டுக்கும் சொந்தக் கதை ஒண்ணு உண்டு. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். மத்திய அரசு கம்பெனி. 1960ல தொடங்கி, 1967ல உற்பத்திக்கு வந்துச்சு. 'இந்து'ன்னு பேரு, சந்திரன்னு அர்த்தம். அந்த ஆலை இருந்த இடத்துக்கே இந்து நகர்னு பேர் வந்திருச்சு. ஏன் ஊட்டி? பிலிம் செய்யறதுக்குத் தூசியில்லாத காத்தும் குளிர்ச்சியும் வேணும். சினிமா, போட்டோ பேப்பர் இதோட எக்ஸ்ரே பிலிமும் அங்க தயாராச்சு. நாட்டுல எத்தனையோ ஆஸ்பத்திரிகள்ல கைகால் முறிஞ்சவங்களோட படம் நீலகிரி பிலிம்லதான் விழுந்துச்சு.

ஊட்டியில செஞ்ச பிலிமைக் கழுவுனது எங்க? நம்ம சமவெளியில. மூணு நாள் போன மர்மம் இங்கதான் இருக்குது. பிலிமைக் கழுவுற மருந்துத் தண்ணி 20 டிகிரி குளிர்ச்சியில இருந்தா அஞ்சு நிமிஷத்துல படம் சரியா எழும்பி வரும். சித்திரை வெயில்ல எங்க ஊர்த் தொட்டித் தண்ணியே 35 டிகிரியைத் தாண்டும். அதுல போட்டா படம் சரசரன்னு கறுத்துரும், ஜெலட்டின் இளகி நகம் பட்டாலே பேந்துரும். அதனால தொட்டியைச் சுத்தி ஐஸ் கட்டி போட்டு வேலை பார்த்திருக்காங்க. இருட்டறையில ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மொதல்ல டெவலப்பர், அப்புறம் தண்ணி, அப்புறம் ஹைப்போ, அப்புறம் ஓடுற தண்ணியில அரை மணி நேரம், அப்புறம் கொடியில கிளிப்பு மாட்டிக் காய வைக்கணும். அவசரத்துக்குச் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடிச்சே படிப்பாங்க. என் கன்னுக்குட்டியோட ரெண்டு படத்தையும் அப்படித்தான் படிச்சாங்க. டாக்டரோட சட்டைக் கையெல்லாம் பழுப்புக் கறை. அந்த ஹைப்போ வாடை, புளிச்ச காடியும் கந்தகமும் கலந்த மாதிரி, இன்னும் என் மூக்குல இருக்குது.

அதைவிடப் பெரிய சங்கடம், பிலிமுக்குப் பொறுமை கிடையாது. கதிர் கொஞ்சம் கூடுனா கறுப்பு, கொஞ்சம் குறைஞ்சா வெளுப்பு. மனுசனுக்குன்னா நெஞ்சு இத்தனை கனம், கை இத்தனை கனம்னு ஒரு கணக்கு இருக்குது. மாட்டு டாக்டருக்கு? காலையில ஒரு பூனை, அடுத்தது ஒரு எருமை, அதுக்கடுத்தது ஒரு ஆட்டுக்குட்டி. ஒவ்வொண்ணுக்கும் கனம் அளந்து, மெஷினைத் திருப்பி, குத்துமதிப்பா ஒரு அளவு வைக்கணும். ரோமத்துல ஈரச்சேறு இருந்தாக்கூட அதுவும் படத்துல விழுந்து நோய் மாதிரித் தெரியும். இத்தனையும் தப்பில்லாம செஞ்சாலும், "மூச்சை இழுத்துப் புடிங்க"ன்னு மாட்டுக்கிட்டச் சொல்ல முடியாதே.

படம் தப்பிப் போச்சுன்னு தெரியறதுக்குள்ள மாடு மேசையை விட்டு இறங்கியிருக்கும். சில சமயம் வேனே கிளம்பியிருக்கும். அதுதாங்க விஷயம். கதிர் பாயறது ஒரு நொடிகூட இல்லை. நாள் போனதெல்லாம் அந்தக் கதிரைப் புடிச்சு வச்சுக் கண்ணுக்குக் காட்டுற வேலையிலதான்.

டிஜிட்டல் மாத்துனதும் அதை மட்டும்தான். இதைப் பல பேரு தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. மெஷின்ல இருந்து வர்ற கதிர் ராண்ட்கன் காலத்துச் சரக்கேதான். அதைப் புடிக்கிற கண்ணு மட்டும் மாறுச்சு.

மாத்தம் ரெண்டு தவணையில வந்துச்சு. 1980களோட தொடக்கத்துல ஜப்பானின் ஃபியூஜி கம்பெனி ஒரு தகடு கொண்டு வந்தாங்க. டாக்டருங்க சி.ஆர். அப்படின்னு சொல்லுவாங்க. பிலிம் பெட்டிக்குள்ள பிலிமுக்குப் பதிலா அந்தத் தகடு. பட்ட கதிரை அது உள்ளுக்குள்ள தேக்கி வச்சுக்கும். அப்புறம் ஒரு மெஷின்ல விட்டா, சிவப்பு லேசர் அதுமேல ஓடும். தேங்குனதெல்லாம் நீல வெளிச்சமா வெளிய வரும். அதைக் கம்ப்யூட்டர் படமாக்கிரும். பளிச்சுனு வெள்ளை வெளிச்சம் காட்டுனா தகடு அழிஞ்சு, அடுத்த மாட்டுக்குத் தயார். சிலேட்டு மாதிரி. அடுத்த தவணை டி.ஆர்., 1990களோட பின்பாதியில. இதுல தகட்டை எங்கயும் கொண்டு போக வேண்டாம். பலகையே படத்தை நேரா கம்ப்யூட்டருக்கு அனுப்பிரும். சில நொடிதான்.

இதெல்லாம் மனுசங்க ஆஸ்பத்திரிக்குன்னு செஞ்சது. மாட்டுக்கு வந்தது பின்னாடி. வெளிநாட்டுல 2000களோட தொடக்கத்துல மொதல்ல ஓடி வந்து புடிச்சுக்கிட்டது குதிரை டாக்டருங்க. மறுபடியும் குதிரைதான் பாருங்க! பந்தயக் குதிரைக்கு விலை அதிகம். லாயத்துலயே நிக்க வச்சு, கால்ல நாலு பக்கமும் படம் எடுத்து, சரியில்லைன்னா அங்கேயே மறுபடி எடுத்து, வாங்கறவன் விக்கிறவன் ரெண்டு பேருக்கும் காட்டிரலாம். அப்புறம் நாய், பூனை. கடைசியா மாடு, ஆடு. பணம் எந்த வழியா ஓடுதோ அந்த வழியாத்தான் மெஷினும் வந்து சேர்ந்துச்சு. நம்ம ஊர்ல இன்னிக்கும் டவுனுக்குள்ள நாய்க்குப் படம் எடுக்கிறது சுலபம். மாட்டுக்கு எடுக்கணும்னா கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய இடத்துக்குத்தான் வண்டி கட்டணும்.

ஊட்டி ஆலை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கடன், வெளிநாட்டுப் பிலிம் போட்டி, அதுக்கு மேல டிஜிட்டல். 1996ல நலிவடைஞ்ச நிறுவனம்னு அறிவிச்சாங்க. பிழைக்க வைக்கப் பார்த்த முயற்சி ஒண்ணும் கைகூடலை. தொழிலாளிங்க விருப்ப ஓய்வுல வெளிய வந்தாங்க. உலகத்துக்கே பிலிம் வித்த கோடாக்கே 2012 ஜனவரியில திவால் மனு போட்டுச்சு. அதைப் படிச்சப்ப எனக்கு ஊட்டிதான் ஞாபகம் வந்துச்சு.

டிஜிட்டலோட அருமையை நான் நேர்ல பார்த்தது 2021ல. எங்க நாய் மணியை ரோட்டுல ஒரு பைக்காரன் தட்டிட்டுப் போயிட்டான். டவுன்ல ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். படம் எடுத்தாச்சு, அரை மணி ஆகும்னு நினைச்சு நான் டீக்கடைக்குக் கிளம்பறேன். "ஏனுங்கண்ணா எங்க போறீங்க, இங்க பாருங்க"ன்னு அந்தப் பையன் டாக்டர் கூப்புடறாரு. இடுப்பெலும்புல கீறல் கம்ப்யூட்டர்ல தெரியுது. விரல்ல தேய்ச்சுப் பெருசாக்கிக் காட்டுறாரு. எனக்கு சந்தோசம் வரலைங்க. தொண்டை அடைச்சுக்கிச்சு. 1993ல அந்த மேசையில இந்தப் பலகை இருந்திருந்தா, மொத படத்தோட கட்டு போட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்திருப்போம்.

அதுக்காக டிஜிட்டல்னா எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு எங்க செவலை மாடு தீனி எடுக்காம நின்னுச்சு. முதுகைக் கூனிக்கிட்டு, முழங்கையை வெளிய அகட்டி வச்சு நிக்குது. பள்ளத்துல இறங்கச் சொன்னா முனகுது. எங்க ஊர் டாக்டர் பார்த்ததுமே சொல்லிட்டாரு: "கம்பி கிம்பி முழுங்கியிருக்கும் போல." மாடு நாக்கால சுருட்டி அப்படியே முழுங்குற ஜீவன். கம்பி, ஆணி எல்லாம் போய் ரெண்டாவது வயித்துல தங்கும், தேன்கூடு மாதிரி இருக்கிற வயிறு. அதுக்கு முன்னாடி ஒரு மெல்லிசுத் திரை, அந்தப் பக்கம் இதயம். கம்பி நகர்ந்து குத்துனா முடிஞ்சுது.

"கையில தூக்கிட்டுப் போற டிஜிட்டல் மெஷின் வந்திருக்காமே, அதைக் கொண்டு வரச் சொல்லுங்க சார்"னு நான் கெத்தாச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. அந்தச் சின்ன மெஷின் கால், குளம்பு, ஆட்டுக்குட்டி, நாய்க்குத்தான் ஆகும். முழு வளர்ந்த மாட்டோட நெஞ்சையும் வயித்தையும் தாண்டிப் போக அதுல பலம் பத்தாது. கதிரே அந்தப் பக்கம் வரலைன்னா பலகை எவ்வளவு விலையா இருந்து என்ன? யானைக்குப் பாதத்தைப் படம் எடுக்கலாம், வயித்தை எடுக்க முடியாது, அதே நியாயம்தான்.

ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டிக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க கூரையில தொங்குற பெரிய மெஷின், சுவத்துல பலகை. மாட்டை நிக்க வச்சே எடுத்தாங்க. புடிச்சுக்கிட்டு நின்ன எனக்கும் தம்பிக்கும் ஈயக் கவச உடுப்பு, கழுத்துக்கு ஒரு பட்டை. 1993ல வெறும் சட்டையோட புடிச்சுக்கிட்டு இருந்தேன், யாருக்கும் தோணலை. எடிசன்கிட்ட எக்ஸ்ரே வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி கதிர் பட்டுப் பட்டுப் புத்துநோய் வந்து 1904லயே செத்துப் போனாரு. அப்படியும் இந்த உடுப்பு எங்க கட்டுத்தரைப் பக்கம் வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

படத்துல தேன்கூட்டு வயித்துல ஒரு வெள்ளைக் கோடு, விரல் நீளம், சாஞ்சு நிக்குது. இதயத்தோட நிழலும் அதே படத்துல தெரியுது, ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்குது. பிலிம் காலத்துல இதயம் தெரியற மாதிரி எடுத்தா நுரையீரல் பக்கம் கறுத்துரும், அதைச் சரி பண்ணுனா இதயம் வெளுத்துரும், ரெண்டு மூணு படம் வேணும்னு அங்க இருந்த பெரிய டாக்டர் சொன்னாரு. இப்ப ஒரே படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி இறக்கிப் பார்த்துக்கலாம்.

அவரே இன்னொண்ணும் சொன்னாரு, எனக்குப் புதுசு. பிலிம்ல கதிர் அதிகமாப் போனா படம் கறுத்துக் காட்டிக் குடுத்துரும். டிஜிட்டல்ல கம்ப்யூட்டர் அதைச் சரி பண்ணி அழகாக் காட்டிரும். சொல்லப் போனா கதிர் கூடக் கூடப் படம் வழவழன்னு இருக்கும். அதனால தெரியாமலே அளவைக் கூட்டிக்கிட்டுப் போற பழக்கம் வந்திருதாம். மாட்டுக்கு ஒரு தடவை. புடிக்கிற ஆளுக்கு, அதைவிட அங்க தினமும் நிக்கிறவங்களுக்கு, அது நாள்கணக்கு. "பிலிம் ஒரு கண்டிப்பான வாத்தியார். இது செல்லம் குடுக்கிற பாட்டி"ன்னாரு.

அன்னிக்கே இடது விலாவுக்குப் பின்னாடி கிழிச்சு, கை விட்டு எடுத்தாங்க. கான்கிரீட் வேலைக்குக் கட்டுற கட்டுக்கம்பி. எங்க புதுக் கட்டுத்தரைக்குக் கூரை போட்டப்ப மிச்சம் விழுந்தது. கயிறு கட்டி இழுத்தவனும் நான்தான், கம்பியைப் பொறுக்காம விட்டவனும் நான்தான். மாடு பிழைச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் ஒரு ஈத்து ஈன்னு, இப்ப மறுபடி ஆறு மாசச் சினை.

கம்ப்யூட்டர்ல படத்தோட என் பேரைப் பதியறப்ப எட்டிப் பார்த்தேன். உலகம் முழுக்க இந்தப் படங்களை வச்சுக்கிறதுக்கு டைக்காம்னு ஒரு பொது விதி இருக்குதாம். மனுசங்களுக்குன்னு வந்த விதி. அப்புறம் மிருகங்களுக்கும் எடம் விட்டிருக்காங்க: என்ன ஜாதி மிருகம், என்ன இனம், காயடிச்சதா இல்லையான்னு கூட ஒரு கட்டம் இருக்குது. நோயாளின்னு மாட்டுப் பேர். அதுக்குக் கீழ 'பொறுப்பானவர்'னு ஒரு கட்டம், அதுல என் பேர். மாட்டுக்காரனுக்கு இவ்வளவு சரியான பேரை வேற எந்தப் பாரத்துலயும் நான் பார்த்ததில்லை.

கவர்ல போட்டுக் குடுக்க பிலிம் ஏதும் கிடையாது. போனுக்கு அனுப்பினாங்க. ஊர் பூரா காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அடுத்த ஐப்பசி மழையில அந்தப் போன் வாய்க்காலுக்குள்ள விழுந்திருச்சு. கடைக்காரன் பிரிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் எடுக்க முடியாதுன்னுட்டான்.

1993 பிலிம் இன்னும் இருக்குது. பழைய பிலிம் வாங்குற வெள்ளிக்காரங்க ரெண்டு மூணு தடவை கேட்டாங்க, அதுல இருக்கிற துளி வெள்ளிக்காக. குடுக்கலை. செவலையோட படம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல இருக்கும், நம்பர் சொன்னா எடுத்துத் தருவாங்கன்னு தம்பி பையன் சொல்றான். நம்பர் போட்ட சீட்டைக் கட்டுத்தரை எரவாணத்துல சொருகி வச்சதா ஞாபகம். தேடிக்கிட்டு இருக்கேன். செவலை நேரா அதுக்குக் கீழதான் கட்டிக் கிடக்குது, அவ மேலயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்குதுங்க.